படைப்பணிக்குக் கிளம்பும்போது நாயையும் பூனையையும் யாரிடம் விட்டுப் போவது?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் 2 மாதத்தில் ராணுவப் பணிக்காக வெளியே அனுப்பப்படுகிறீர்கள். 9 மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள், நீளவும் கூடும். நீங்கள் தனியாக வசிக்கிறீர்கள். வீட்டில் 6 வயது நாய் இருக்கிறது, அதற்கு வலிப்பு நோய், ஃபீனோபார்பிட்டால் மாத்திரை தினம் 2 வேளை. கூடவே 11 வயது ஆண் பூனை. 68 வயதான உங்கள் அம்மா இரண்டையும் வைத்துக்கொள்ளத் தயார் என்கிறார். உடன் பணிபுரிகிறவர்களோ, யாருக்காவது நிரந்தரமாகக் கொடுத்துவிடு, அதுதான் பிராணிக்கும் நல்லது என்கிறார்கள். எது சரி என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "திரும்பி வரும்போது என்னைத் தெரியுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன். நான் கால்நடை மருத்துவர். படைமுகாம் ஒன்றின் பக்கத்தில் நீண்ட காலமாகச் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். நீங்கள் எந்த நாட்டுப் படை என்று சொல்லாததால், எங்கும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில், கொடுத்துவிட வேண்டியதில்லை. 9 மாதம் என்பது ஒரு வளர்ந்த நாயோ பூனையோ வேறொரு வீட்டில் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பக்கூடிய காலம்தான். அப்படிப் போய்த் திரும்பிய பிராணிகள் எத்தனையோ என் மருத்துவமனைக்கு வந்திருக்கின்றன. சரியான ஆள் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் நிரந்தரமாகக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். அப்படி யோசிப்பதென்றாலும் இப்போதே யோசியுங்கள். கிளம்புவதற்கு 4 நாள் முன்பு பதறிக்கொண்டு தேடும்போது கிடைக்கிற வீடு, பெரும்பாலும் "சரி, வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை" என்ற வீடாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பிராணிகள் காப்பகம் தற்காலிக விடுதி அல்ல. அங்கே ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உரிமை அவர்களுக்குப் போய்விடும். திரும்பி வந்து கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்காது, அதற்குள் வேறு வீட்டுக்கும் போயிருக்கலாம். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, யாரிடம் விடுவது? எல்லோரும் முதலில் கேட்பது "பிராணிகள் மேல் பிரியம் உள்ளவரா" என்பதைத்தான். பிரியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: உங்களிடம் பேசவே முடியாத ஒரு ராத்திரியில், இந்த ஆள் ஒரு முடிவை எடுத்து அதில் நிற்பாரா? சாப்பாடு போடுவதையும் நடக்கக் கூட்டிப்போவதையும் யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சிக்கல் வருவதெல்லாம் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில்தான். வயிறு உப்பிச் சுருண்டுகிடக்கும் நாயை மேசையில் கிடத்திவிட்டு, உடனே அறுவை சிகிச்சை செய்யவா என்று நான் கேட்கும்போது, பராமரிப்பவர் கையில் போனை வைத்துக்கொண்டு "அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும்" என்று நிற்பார். உங்கள் பணியில் தகவல்தொடர்பு முழுக்க நிறுத்தப்படுகிற நாட்கள் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரைப்பை முறுக்கிக்கொண்ட நாய் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இதை வைத்து உங்கள் அம்மாவைப் பற்றி யோசியுங்கள். அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில் ஒத்துக்கொள்கிறார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வலிப்பு வந்து தரையில் துடிக்கிற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க அவரால் முடியுமா? வலிப்பு ஓய்ந்தபின் நாய் கொஞ்ச நேரம் கண் தெரியாததுபோல் முட்டி மோதி நடக்கும், சில நாய்கள் தெரியாமல் கடிக்கவும் வரும். அந்த நாயைத் தூக்கியோ நடத்தியோ வண்டியில் ஏற்ற முடியுமா? இரவில் மருத்துவமனைக்கு எப்படிப் போவார்? இழுத்தால் கீழே தள்ளிவிடக்கூடிய எடையில் நாய் இருந்தால், இடுப்பு எலும்பு முறிகிற ஆபத்து அம்மாவுக்குத்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பூனையை அம்மாவிடமும் நாயை இன்னொருவரிடமும் விட முடியுமா என்று பார்ப்பேன். இரண்டையும் பிரிப்பது பாவம் என்று தோன்றும். ஒன்றையொன்று நக்கிக்கொண்டு ஒட்டிப்படுத்துத் தூங்குகிற ஜோடி என்றால் பிரிக்காமல் இருக்க முயலலாம். ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருந்தால் பிரிப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பூனைக்கு இடம் மாறுவதே பெரிய அதிர்ச்சி என்பதால், அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து தங்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. முடியாவிட்டால், புது வீட்டில் முதலில் ஒரே அறையில் வைத்துப் பழக்கி, பிறகு மெல்ல மற்ற அறைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு மாதமாவது வெளியே விடவே கூடாது.

காசு கட்டிப் பிராணிகளை விடும் விடுதிகள் சில வாரத்துக்குச் சரி. 9 மாதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாய்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் இடத்தில் தொற்று இருமல் சுலபமாகப் பரவும். ஆட்கள் ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை நேரமும் தவறும். நண்பர்களிலும் உறவிலும் ஆள் இல்லை என்றால், படைவீரர்களுக்கென்றே உள்ள ஏற்பாடுகளை விசாரியுங்கள். அமெரிக்காவில் 2011இல் தொடங்கப்பட்ட டாக்ஸ் ஆன் டெப்ளாய்மென்ட் என்ற அமைப்பு, பணிக்குப் போகும் வீரர்களையும் அவர்களுடைய பிராணியை அதுவரை வைத்துக்கொள்ள முன்வருகிறவர்களையும் இணைத்துவைக்கிறது. பெயரில் நாய் இருந்தாலும் பூனைக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் படையில் குடும்ப நலப் பிரிவு இருந்தால் அங்கேயும் கேளுங்கள். எந்த வழியாக ஆள் கிடைத்தாலும் வீட்டை நேரில் போய்ப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு படைவீரரிடம் விடுவதாக இருந்தால், அவருக்கும் ஆணை வரலாம் என்பதை மறக்க வேண்டாம். யாராக இருந்தாலும் அவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், வீடு மாற வேண்டிவரலாம். அதனால் இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். பெயருக்கு ஒருவரைச் சொல்லி வைப்பது போதாது. அவரும் பிராணியோடு ஒரு ராத்திரியாவது இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

ஆள் முடிவானதும், கிளம்புவதற்கு முன்பே விட்டுப் பாருங்கள். முதலில் ஒரு வார இறுதி, அப்புறம் முழுதாக ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் போய்ப் பார்க்காமல் இருப்பது நல்லது. வலிப்பு நாய்க்கு இந்த ஒத்திகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வலிப்பு நன்றாகக் கட்டுக்குள் இருந்த ஒரு நாய், உரிமையாளர் பணிக்குப் போன மூன்றாவது வாரம் அடுத்தடுத்து வலிப்போடு என்னிடம் வந்தது. பராமரித்த பெண்மணி ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை கொடுத்திருந்தார், பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தால் மிகக் குறைவு. வீட்டுக்குப் போய்த் தேடியபோது சோபாவுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, பாதி கரைந்து ரோமம் ஒட்டிய மாத்திரைகள் வரிசையாகக் கிடந்தன. உரிமையாளர், நாயின் நாக்கில் பின்பக்கமாக, தொண்டையை ஒட்டி மாத்திரையை வைத்துத் தொண்டையைத் தடவி விழுங்கவைப்பார். இவர் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுத்தார். நாய் சாப்பாட்டை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய்த் துப்பியிருக்கிறது. ஃபீனோபார்பிட்டால் திடீரென்று நின்றால் அதனாலேயே வலிப்பு வரும், முன்பைவிடக் கடுமையாகவும் வரலாம். ஆகவே நீங்கள் மாத்திரை கொடுப்பதை அவர் பார்த்தால் மட்டும் போதாது, அவர் கொடுப்பதை நீங்கள் பல தடவை பார்க்க வேண்டும். 12 மணி நேர இடைவெளிக்கு அவருடைய வேலை நேரம் ஒத்துவருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், இந்த வாரமே நேரம் வாங்குங்கள். நாய்க்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, கல்லீரல் நிலை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். நீங்கள் இல்லாத 9 மாதத்தில் அந்தப் பரிசோதனை குறைந்தது ஒரு தடவை மறுபடி வரும். அந்தத் தேதியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஃபீனோபார்பிட்டால் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் 9 மாதத்துக்கும் சேர்த்து மொத்தமாகக் கிடைக்காது. மருந்துச் சீட்டைப் புதுப்பித்து வாங்கப் பராமரிப்பவருக்கு அனுமதி உண்டு என்று உங்கள் மருத்துவரின் கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர் வேறு ஊரில் இருந்தால் அங்குள்ள மருத்துவருக்கு முழு மருத்துவப் பதிவும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். நீங்கள் இல்லாதபோது தவணை வருகிற தடுப்பூசிகளை, குறிப்பாக வெறிநோய்த் தடுப்பூசியை, முன்கூட்டிப் போடலாமா என்று கேளுங்கள். பூனைக்கு 11 வயது என்பதால் சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல்லில் கோளாறு இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது முதல்முறையாகத் தெரியவருகிற நோய்தான் எல்லோரையும் திணறவைக்கும்.

பராமரிப்பவர் எப்போது தயங்காமல் ஓட வேண்டும் என்பதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நாய்க்கு வலிப்பு 5 நிமிடம் தாண்டினால், அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வலிப்பு வந்தால், உடனே மருத்துவமனை. வலிப்பின்போது வாயில் கையை விடக் கூடாது, நாய் நாக்கை விழுங்கிவிடாது. ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்து சிறுநீர் வராமல் இருந்தால், காலை வரை காத்திருக்கவே கூடாது. பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும், இடமாற்றத்தால் வருகிற மன அழுத்தம் இதைத் தூண்டுகிற காரணங்களில் ஒன்று. பலரும் அதை மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். பூனை 2 நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், "ஏக்கத்தில் இருக்கிறது, சரியாகிவிடும்" என்று விடக் கூடாது. பட்டினி கிடக்கிற பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து தானே ஒரு நோயாகிவிடும். நாய் இருக்கிற வீட்டில் பூனையை விடுவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாயின் தெள்ளுப்பூச்சிக்கு முதுகில் விடுகிற சொட்டுமருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு விஷம். லில்லிப் பூக்களும் மனிதர்களுக்கான பாராசிட்டமாலும் அப்படித்தான். அன்போடு பார்த்துக்கொள்கிறவர்கள் தெரியாமல் செய்கிற தவறுகள்தான் இவை.

இனி எழுத்து. நண்பருக்குள் காகிதமா என்று கூச்சப்படாதீர்கள். என் அனுபவத்தில் கசப்பெல்லாம் காகிதம் இல்லாத இடத்தில்தான் வந்திருக்கிறது. பல நாடுகளின் சட்டத்தில் பிராணி இன்னும் உடைமையாகத்தான் எண்ணப்படுகிறது. 9 மாதம் சோறு போட்டு வளர்த்தவர் "இனி இது எங்கள் நாய்" என்று சொல்லிவிட்டால், அதை உங்களுடையது என்று காட்ட வேண்டிவரும். உரிமை மாறவில்லை, இது தற்காலிகப் பராமரிப்பு மட்டும் என்று ஒரு வரி, தேதி, இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். தடுப்பூசி அட்டையும், தோலுக்கு அடியில் வைக்கிற மைக்ரோசிப்பின் பதிவும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சிப்பில் இருப்பது பெரும்பாலும் 15 இலக்க எண் மட்டும்தான். பிராணி எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடும்போது வருகிற தொலைபேசி எண்தான் காணாமல் போன பிராணியை வீட்டுக்குக் கொண்டுவரும். நீங்கள் எடுக்க முடியாத எண் மட்டும் அங்கே இருந்து பயன் இல்லை, பராமரிப்பவரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நான் வக்கீல் இல்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தை உங்கள் படையில் சட்ட உதவிப் பிரிவு இருந்தால் அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதத்தில் உரிமையைவிட முக்கியமானது முடிவெடுக்கும் அதிகாரம். இன்ன தொகை வரை யாரையும் கேட்காமல் வைத்தியம் செய்யலாம் என்று எழுதுங்கள். அதற்கு மேல் போனால் யாரைக் கேட்க வேண்டும், அவரும் கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். தொகையைச் சொன்னால் மட்டும் போதாது. பணம் தனிக் கணக்கிலோ மருத்துவமனையில் முன்பணமாகவோ இருக்க வேண்டும். மாதாமாதம் ஆகும் தீவன, மருந்துச் செலவையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். "அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நல்ல உறவையும் கெடுத்துவிடும். அடுத்தது எழுதக் கஷ்டமான வரி. நாய்க்கோ பூனைக்கோ வேதனையைக் குறைக்க முடியாத நிலை வந்து, மருத்துவரும் அப்படியே சொன்னால், கருணைக்கொலைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு? பெயர் போட்டு எழுதுங்கள். "அவர் என்ன முடிவெடுத்தாலும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்" என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரி பராமரிப்பவரைக் காப்பாற்றும். இல்லாவிட்டால், பயந்துபோய் நாள் கடத்துவார், அத்தனை நாளும் பிராணிதான் வலியில் கிடக்கும். உங்கள் அம்மாவுக்கு நான் நினைக்கிற இடம் இதுதான். நாயை இன்னொருவர் வைத்துக்கொண்டாலும், பெரிய முடிவுகளில் உங்கள் சார்பில் பேசுகிறவராக அம்மா இருக்கட்டும். உங்கள் மனம் அவருக்குத் தெரியும், போனிலேயே சொல்லிவிடலாம். இன்னொரு வரியும் வேண்டும்: நீங்கள் திரும்பி வர முடியாமல் போனால் இவை யாரிடம் போக வேண்டும் என்பது. படையில் உயில் எழுதச் சொல்லியிருப்பார்கள், அதோடு இதையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நாய் உங்களை மறந்துவிடாது என்று நான் நம்புகிறேன். அதற்கு ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாய்க்கு மனிதரின் வாசனை ஆழமாகப் பதிகிறது என்பது உறுதி. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் கிரெகரி பெர்ன்ஸின் குழு 12 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பல வாசனைகளை முகரக் கொடுத்தது. நல்லதை எதிர்பார்க்கும்போது விழிக்கிற மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மிக அதிகமாக எழுந்தது. அந்த மனிதர் அப்போது பக்கத்தில்கூட இல்லை. உளவியல் ஆய்வாளர் பீட்டர் ஹெப்பர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், குட்டியிலேயே பிரிக்கப்பட்ட நாய்கள் 2 ஆண்டு கழித்தும் தாயின் வாசனையை அடையாளம் கண்டன. ஆனால் அது தாய்க்கும் குட்டிக்கும் உள்ள நினைவு. வளர்த்தவரைப் பல மாதம் கழித்து அடையாளம் காண்பதை அதே கவனத்தோடு ஆராய்ந்ததாகச் சொல்ல முடியாது, அதற்கு என்னைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்ததுதான் சாட்சி. பிரிவின் நீளம் நாய்க்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னும் மங்கலான விஷயம். 2011இல் ஸ்வீடனில் செய்த ஆய்வு ஒன்றில், அரை மணி நேரம் தனியாக இருந்த நாயைவிட 2 மணி நேரம் தனியாக இருந்த நாய் உரிமையாளரை அதிகத் துள்ளலோடு வரவேற்றது. 2 மணி நேரப் பிரிவுக்கும் 4 மணி நேரப் பிரிவுக்கும் இடையே அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதிலிருந்து 9 மாதத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

பூனைக்குப் பாசம் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலே 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. ஆனாலும் நீங்கள் திரும்பி வந்த முதல் நாள் அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம். மறதிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். புது வாசனையோடு திடீரென்று ஒருவர் நுழைந்தால் பூனை முதலில் செய்வது அதுதான். நீங்கள் உடுத்திய துணி ஒன்றை விட்டுப்போகலாமா என்று பலர் கேட்பார்கள். விட்டுப்போங்கள், கெடுதல் இல்லை. பல மாதத்துக்கு அது ஆறுதல் தருமா என்று உறுதி சொல்ல முடியாது. வீடியோ அழைப்பும் அப்படித்தான். சில நாய்கள் குரல் கேட்டதும் வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும், சில வாசலுக்கு ஓடி ஒரு மணி நேரம் அழும். பராமரிப்பவர் என்ன பார்க்கிறாரோ அதன்படி செய்யுங்கள், உங்கள் ஆசைக்காக அழைக்க வேண்டாம்.

திரும்பி வந்த அன்றே நாயை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்த வீட்டிலேயே போய் உட்காருங்கள், அதுவாக வரட்டும். ஓரிரு தடவை அங்கேயே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, பிறகு அழைத்து வாருங்கள். சாப்பாட்டையும் நேரத்தையும் அங்கே இருந்தபடியே சில வாரம் வைத்திருங்கள், உணவை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள். உங்களுக்கே தூக்கமும் மனமும் ஒரு நிலைக்கு வர நாளாகலாம். அந்த முதல் சில நாள் மாத்திரை வேளை தவறாமல் இருக்க, கூட ஒருவரை நினைவூட்டச் சொல்லுங்கள். 9 மாதம் அதோடு இருந்த மனிதருக்கும் அன்று ஒரு பிரிவு நடக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் அதிகம். அவ்வப்போது வந்து பார்க்க அவர்களைக் கூப்பிடுங்கள். உங்களுக்கு மறுபடி ஆணை வந்தால், நாய் போக வேண்டிய வீடும் அதுதான்.